கட்சிக்குப் பணம் கொடுத்தது யார்? பழவேற்காட்டு மீனவருக்கு இந்தக் கேள்வி ஏன் முக்கியம்?

பழவேற்காடு ஏரியில் யார், எங்கே, என்றைக்கு வலை போடுவது என்பது ரகசியம் கிடையாது. 'பாடு' என்ற பழைய முறைப்படி மீனவ ஊர்கள் கூடிப் பேசி முறை வைக்கும். இன்றைக்கு யாருடைய முறை என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த ஏரியின் எதிர்காலத்தை முடிவு செய்யும் கட்சிகளுக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்பது அப்படி இல்லை.

ஏரிக்குத் தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகம். எல் அண்ட் டி வசம் இருந்த இதை 2018-ல் அதானி குழுமம் வாங்கியது. சுமார் 330 ஏக்கரில் இருக்கும் துறைமுகத்தை 6,110 ஏக்கருக்கு விரிவாக்குவது திட்டம். கடல் அரிப்பு கூடும், முகத்துவாரம் பாதிக்கும், மீன்பாடு போய்விடும் என்று மீனவர்கள் எதிர்க்கிறார்கள். கருத்துக்கேட்பு கூட்டம் 2021 ஜனவரிக்கும், பிறகு 2023 செப்டம்பருக்கும் அறிவிக்கப்பட்டு, இரண்டு முறையும் தள்ளிப்போனது. தேர்தல் வந்தால் காட்டுப்பள்ளியும் மேடையேறும்.

இங்கேதான் நன்கொடை விவகாரம் வருகிறது. குறிப்பிட்ட ஒரு திட்டத்துக்கும் நன்கொடைக்கும் தொடர்பு இருக்கிறது என்பதல்ல வாதம். இருக்கா, இல்லையா என்று பார்க்கவே ஓட்டுப் போடுகிறவருக்கு வழியில்லை என்பதுதான் பிரச்சினை.

தேர்தல் பத்திரம் என்ன செய்தது?

2018-ல் அமலான திட்டம் இது. ஸ்டேட் வங்கியில் பத்திரம் வாங்கிக் கட்சிக்குக் கொடுத்தால் போதும்; கொடுத்தவர் பெயர் வெளியே வராது. லாபத்தில் 7.5 சதவீதம்தான் கொடுக்கலாம் என்று நிறுவனங்களுக்கு இருந்த உச்சவரம்பையும் 2017-லேயே எடுத்துவிட்டார்கள். அதாவது, நஷ்டத்தில் ஓடும் கம்பெனியும் கோடிக்கணக்கில் கொடுக்கலாம்! இது வாக்காளரின் தகவல் அறியும் உரிமைக்கு எதிரானது என்று 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒருமனதாக ரத்து செய்தது. உச்சவரம்பும் திரும்பி வந்தது.

மார்ச்சில் விவரங்கள் வெளியானபோதுதான், அதிகபட்சமாக 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கியது லாட்டரி அதிபர் மார்ட்டினின் ஃபியூச்சர் கேமிங் நிறுவனம் என்பது தெரிந்தது. தி.மு.க. பத்திரம் மூலம் பெற்ற 656.5 கோடியில் 509 கோடி அந்த ஒரே நிறுவனத்துடையது. நாட்டிலேயே அதிகம் பெற்ற கட்சி பா.ஜ.க.

பத்திரம் போனதும் எல்லாம் வெளிச்சமாகிவிட்டதா என்றால், இல்லை. 20,000 ரூபாய் வரையிலான நன்கொடைக்கு இன்றும் கட்சிகள் தேர்தல் ஆணையத்திடம் பெயர் சொல்ல வேண்டியதில்லை. சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சம், மக்களவை வேட்பாளர் 95 லட்சம் வரைதான் செலவு செய்யலாம் என்று 2022-ல் வரம்பு வைத்தார்கள். கட்சிக்கோ வரம்பே கிடையாது. கதவைப் பூட்டிவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்த கதைதான்.

ஓட்டுக்குப் பணம்

"எல்லாரும்தான் குடுக்குறாங்க, வாங்கினா என்ன?" என்பது தமிழ்நாட்டில் எங்கும் கேட்கும் பேச்சு. சட்டப்படி கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். ஓராண்டு வரை சிறை. பணப் பட்டுவாடா புகாரில் 2017-ல் வடசென்னையின் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலும், 2019-ல் வேலூர் மக்களவைத் தேர்தலும் ரத்தாயின. பணம் விளையாடினால் தேர்தலை ரத்து செய்ய சட்டத்தில் தனிப்பிரிவு வேண்டும் என்று 2016-ல் ஆணையம் கேட்டது. மத்திய அரசு ஏற்கவில்லை.

கெடுபிடி யார் தலையில் விழுகிறது என்பதையும் பார்க்கணும். தேர்தல் நேரத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் ஆவணமில்லாமல் கொண்டு போனால் பறக்கும் படை பிடிக்கும். மீன் ஏலத்துக்குக் கையில் ரொக்கத்தோடு வரும் வியாபாரியிடம் ரசீது ஏது? பிடிபட்டால் வங்கிச் சீட்டு, விற்பனைக் கணக்கு என்று எதையாவது காட்டி, மாவட்டக் குறைதீர் குழுவில் முறையிட்டுத்தான் பணத்தை மீட்க வேண்டும்.

வாக்காளர் என்ன செய்யலாம்?

பட்டுவாடாவைக் கண்டால் சி-விஜில் செயலியில் அங்கேயே படமெடுத்துப் புகார் செய்யலாம். பெயர் சொல்ல வேண்டாம், 100 நிமிடங்களுக்குள் நடவடிக்கை என்பது ஆணையத்தின் கணக்கு. தேர்தல் முடிவு வந்த 30 நாளுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் செலவுக் கணக்கு கொடுத்தாக வேண்டும். அதை யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். விதிப்படி அதற்குக் கட்டணம் ஒரு ரூபாய். நகல் வேண்டுமென்றால் தனிக் கட்டணம்.