கல்லூரி மாறுவோர் அறிய வேண்டுவன

பழனி மலைத்தொடரில், கொடைக்கானலில், அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் 1984-ஆம் ஆண்டு நிறுவப்பெற்றது. மகளிர் கல்லூரிகள் சிலவும் அதனோடு இணைந்துள்ளன. வேறொரு பல்கலைக்கழகத்தில் ஓராண்டு பயின்ற மங்கை ஒருத்தி இங்கு மாறிவர விழைகிறாள் என்று கொள்வோம். மாற்றுச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் மட்டும் அவளுக்குப் போதுமோ? போதா.

பட்டப்படிப்பு பல பகுதிகளால் ஆயது. நம் மாநிலத்தில் பெரும்பாலும் முதற்பகுதி தமிழ் அல்லது பிறமொழி. இரண்டாம் பகுதி ஆங்கிலம். மூன்றாம் பகுதி முதன்மைப் பாடமும் துணைப்பாடமும் ஆகும். ஒவ்வொரு பாடத்திற்கும் தகுதிப் புள்ளிகள் உண்டு. வாரம் ஒரு மணி நேரமாக ஒரு பருவம் முழுதும் கற்பது ஒரு புள்ளி எனப்படும்.

முன்பு அவள் கற்ற துணைப்பாடம் கணிதம். புதிய இடத்திலோ வேதியியல். அவ்வாறாயின், விடுபட்ட தாள்களை எழுதினாலன்றிப் பட்டம் கிட்டாது. இஃது இறுதிப் பருவத்தில் தெரியவருமாயின், ஓராண்டு வீணாகும். கைக்கு எட்டிய வேலையும் நழுவும்.

ஈட்டிய புள்ளிகளைச் சேமித்து வைத்துப் பிற நிறுவனத்திற்குக் கொண்டுசெல்ல வழிகாட்டும் விதிகளைப் பல்கலைக்கழக மானியக் குழு 2021-ஆம் ஆண்டு வெளியிட்டது. எனினும், பட்டம் வழங்கும் நிறுவனத்தின் விதிகளை அறிதல் இன்றியமையாதது.

ஆதலின், கல்லூரி மாறுவோர் பழைய பாடத்திட்டத்தையும் உடன்கொண்டு, சேருமுன்னரே துறைத்தலைவரை அணுகுக. ஏற்கப்படும் தாள்கள் எவை, புதிதாக எழுத வேண்டியவை எவை என வினவி, விடையை எழுத்தில் பெறுக. கேட்டறிதல் இழிவன்று, கேளாதிருத்தலே இழப்பு.