கல்லூரிப் படிப்பும் கைப்பழக்கமும்

கோடை விடுமுறை நெருங்கினால், பொறியியல் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "சார், எங்காவது ஒரு டிரெயினிங் சர்ட்டிபிகேட் கிடைக்குமா?" கிடைக்கும். ஆனால் பயிற்சியின் பயன் அந்தத் தாளில் இல்லை.

நான் ரயில்வேயில் இருந்தவன். அங்கிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். சூட்டில் இரும்பு நீளும் என்பது எல்லா மாணவருக்கும் தெரியும். 13 மீட்டர் தண்டவாளம் 40 டிகிரி செல்சியஸ் சூடேறினால் சுமார் 6 மில்லிமீட்டர் நீளும். இதைக் கணக்கிட இரண்டு நிமிடம் போதும். அதே மாணவன் மேற்பார்வையாளருடன் ஒரு யார்டுக்குப் போய், ஃபிஷ்பிளேட் இணைப்புகளின் இடைவெளியை அளந்து பார்க்கட்டும். முதலில், வெயிலில் தண்டவாளத்தின் சூடு காற்றின் சூட்டைவிட மிக அதிகம் என்று அறிவான். அடுத்து, இடைவெளிகள் ஒன்றுபோல் இல்லை என்று காண்பான். ஓரிடத்தில் அகன்றிருக்கும், ஓரிடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். ஏன்? பிடிப்பு தளர்ந்த தண்டவாளம் ரயில் ஓட ஓட மெல்ல நகர்கிறது. முட்டி நிற்கும் இடத்தில் மேலும் சூடேறினால் தண்டவாளம் பக்கவாட்டில் வளையும். ரயிலே தடம் புரளலாம். அந்த 6 மில்லிமீட்டர் அவனுக்கு இனி வெறும் விடை அல்ல; பயணிகளின் உயிர்.

டேவிட் கோல்ப் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1984-இல் வெளியிட்ட நூலில் இந்தக் கல்வியை நான்கு படிகளாக விளக்கினார்: செய்தல், செய்ததை எண்ணிப் பார்த்தல், அதிலிருந்து ஒரு கருத்துக்கு வருதல், அதை மீண்டும் சோதித்தல். தொழிற்சாலையை ஒரு நாள் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பினால் முதல் படியில்கூடக் கால் வைத்ததாகாது.

நம் நாட்டுக்கு இது புதிதன்று. பிலானியிலுள்ள பிட்ஸ் கல்வி நிறுவனம் 1973 முதல் மாணவர்களைத் தொழிற்சாலைகளுக்கு மாதக்கணக்கில் அனுப்பிவருகிறது. அதே ஆண்டு திருத்தப்பட்ட அப்ரெண்டிஸ் சட்டத்தால், பொறியியல் பட்டமும் டிப்ளமாவும் முடித்தவர்கள் உதவித்தொகையுடன் ஓராண்டு பயிற்சி பெற வழி பிறந்தது. இதைக் கவனிக்கும் வாரியங்கள் சென்னை, மும்பை, கான்பூர், கொல்கத்தா ஆகிய நான்கு நகரங்களில் உள்ளன. வெளிமாநிலங்களில் வாழும் நம் குடும்பங்களும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பயிற்சி முடிந்து பிள்ளை வீடு திரும்பியதும் சர்ட்டிபிகேட்டைக் கேட்காதீர்கள். நோட்டுப் புத்தகத்தைக் கேளுங்கள். என்ன அளந்தான், எது கணக்கோடு ஒத்துவரவில்லை, யாரிடம் விளக்கம் கேட்டான் என்று அதில் இருந்தால், அந்தக் கோடை வீண்போகவில்லை.