குதிரைக் குட்டியை வீட்டிலேயே பழக்கும் முறை

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் கால்நடைச் சந்தைக்கு மாடு பிடிக்கச் செல்லும் உழவர்களில் சிலர், பிள்ளைகளின் ஆசைக்காக ஒரு மட்டக்குதிரைக் குட்டியையும் ஓட்டிக்கொண்டு ஊர் திரும்புவதுண்டு. முதல் மாதம் வீடே கலகலப்பாக இருக்கும். ஆறு மாதம் கழிந்ததும் அதே குட்டி கடிக்கவும் உதைக்கவும் தொடங்கும். பிறகு அது கொட்டிலின் மூலையில் குட்டைக் கயிற்றில் கட்டப்படும். அல்லது வந்த விலைக்குத் தள்ளிவிடப்படும். பெரும்பாலும் இதில் குட்டியின் குற்றம் ஒன்றுமில்லை. மாட்டுக்கு உகந்த முறையில் குதிரையைப் பழக்க முற்படுவதே காரணம்.

வாங்கும் முன்பே ஒன்றைத் தெளிவாகக் கணக்கிட வேண்டும். குதிரை பால் தராது. வண்டி வாடகையும் விழாக்கால வாடகையும் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. எருவைத் தவிர நிச்சயமான வரவு வேறில்லை. கறவை மாட்டுக்கே தீவனம் போதாத வீட்டில் குதிரை சேர்ப்பது கடனில்தான் கொண்டுபோய் விடும். தீவனமும், நாள்தோறும் அரைமணி நேரமும், பொறுமையுள்ள ஒரு பெரியவரும் இருக்கும் குடும்பத்துக்கு மட்டுமே இது ஏற்றது. அப்படிப்பட்ட குடும்பத்தில் மூன்று ஆண்டுகள் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து ஈடுபட இதைவிட நல்ல பொழுதுபோக்கு கிடைப்பது அரிது.

சுழியைவிடப் பல் முக்கியம்

சந்தையில் குதிரை வாங்குவோர் முதலில் சுழி பார்க்கின்றனர். நம்பிக்கை உள்ளவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் பல்லைப் பார்க்காமல் பணத்தை எண்ணக் கூடாது. மாட்டுக்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது. குதிரைக்கு மேலே ஆறு, கீழே ஆறு என முன்பற்கள் உண்டு. நடுவிலுள்ள இரண்டு பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைப்பது சுமார் இரண்டரை வயதில். அவற்றை அடுத்த இணை மூன்றரை வயதில். ஓரத்து இணை நாலரை வயதில். எனவே, 'மூன்று வயது, இன்றைக்கே ஏறலாம்' என்று தரகர் சொல்லும் குட்டியின் வாயில் எல்லாமே சிறிய வெண்மையான பால்பற்களாக இருந்தால் அதற்கு இரண்டரை வயதுகூட ஆகவில்லை. அதன் முதுகில் ஆளை ஏற்றினால் முற்றாத எலும்பும் மூட்டும் கெட்டு வாழ்நாள் நொண்டியாகும். விற்றவர் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்.

நான்கு குளம்புகளையும் தூக்கிப் பார்க்க வேண்டும். மூக்கில் கெட்டியான சளி வடிவதும், கால்களிலும் தோலிலும் வரிசையாகக் கட்டிகள் உடைந்து புண்ணாகி இருப்பதும் கிளாண்டர்ஸ் நோயின் அறிகுறிகள். இந்நோய் மனிதருக்கும் தொற்றி உயிரைப் பறிக்கக் கூடியது, தடுப்பூசியும் கிடையாது. ஐயம் ஏற்பட்டால் அக்குதிரையைத் தொடவே வேண்டாம். வீட்டிலுள்ள குதிரையில் இக்குறிகள் தென்பட்டால் அதைத் தனியே நிறுத்தி, கால்நடை மருத்துவருக்கு உடனே தெரிவிப்பது 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயமாகும்.

தாயை விட்டு நாலு மாதத்துக்கு முன் பிரித்த குட்டியை வாங்காமலிருப்பது நல்லது. மந்தையில் வாழும் இயல்புடைய குதிரை தனிமையில் கனைத்துக்கொண்டே இருக்கும், தீனி எடுக்காது. வேறு குதிரை இல்லாத வீட்டில் ஓர் ஆட்டையாவது பக்கத்தில் கட்டினால் அடங்கும். ஆண் குட்டியானால் ஒரு வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடையில், ரண ஜன்னிக்குத் தடுப்பூசி போட்டபின், மருத்துவரைக் கொண்டு காயடித்துவிட வேண்டும். பிள்ளைகள் புழங்கும் வீட்டுக்குப் பொலிக்குதிரை ஆகாது.

குதிரை எப்படிக் கற்றுக்கொள்கிறது?

மாடு ஆபத்தைக் கண்டால் கொம்பைக் காட்டி நிற்கும். குதிரை ஓடும், ஓட வழியில்லாதபோதுதான் உதைக்கும், கடிக்கும். அதன் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால் சுற்றிலும் ஏறக்குறைய எல்லாமே தெரியும். நெற்றிக்கு நேர் எதிரே மிக அருகிலும், வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. ஆகவே குரல் கொடுத்துவிட்டு, தோள்பட்டைப் பக்கமாக நெருங்க வேண்டும். பின்னாலிருந்து வந்து தட்டிக்கொடுக்கும் பழக்கம் மாட்டோடு போகட்டும்.

பழக்குதலின் அடிப்படை ஒரே ஒரு விதிதான். கயிற்றால் இலேசான அழுத்தம் கொடுக்க வேண்டும். குட்டி சொன்னதைச் செய்த கணமே அழுத்தத்தை விட்டுவிட வேண்டும். இழுப்பதால் குட்டி கற்றுக்கொள்வதில்லை; விடுவதால்தான் கற்றுக்கொள்கிறது. முன்னே நடக்கச் சொல்லிக் கயிற்றைப் பிடிக்கும்போது குட்டி பின்னால் சாய்கிறது. சிறுவன் கைவலித்துக் கயிற்றைத் தளர்த்துகிறான். அன்றைய பாடம் குட்டிக்கு முடிந்துவிட்டது: 'பின்னால் சாய்ந்தால் விட்டுவிடுவார்கள்.' மறுநாள் இன்னும் பலமாகச் சாயும். பத்து நாளில் அதற்குப் 'பிடிவாதக் குதிரை' என்று பெயர் வந்துவிடும். இதற்கு மாறாக, கயிற்றைக் கூட்டாமல் குறைக்காமல் ஒரே சீராகப் பிடித்துக்கொண்டு, அது ஓர் அடி, அரை அடி முன்வைத்தாலும் உடனே தளர்த்த வேண்டும். முதல் நாள் ஐந்தாறு அடிகள் போதும்.

அடியும் இதே கணக்கில்தான் சேரும். குதிரை ஒரு செயலையும் அதன் விளைவையும் இணைத்துப் பார்ப்பது இரண்டொரு விநாடிக்குள்தான். அறுத்துக்கொண்டு ஓடிய குட்டி தானாகத் திரும்பி வந்ததும் சாட்டையால் விளாசினால், ஓடியதற்குத் தண்டனை என்று அதற்குப் புரியாது. வந்ததற்குத் தண்டனை என்றே புரியும். அமெரிக்காவைச் சேர்ந்த ஜான் ராரே என்பவர் 1858இல் இங்கிலாந்தில், எவரும் நெருங்க முடியாத முரட்டுக் குதிரையை அடியின்றி அடக்கிக் காட்டிப் பெரும்புகழ் பெற்றார். அவர் முறைகள் அனைத்தும் இன்று ஏற்கத்தக்கவை அல்ல. எனினும் அச்சமே குதிரையின் முரட்டுத்தனத்துக்கு வேர் என்று அவர் கண்டது சரியே.

முதல் இரண்டு ஆண்டுகள்

நாள்தோறும் பத்து முதல் பதினைந்து நிமிடம் போதுமானது. கழுத்தில் தொடங்கி முதுகு, வயிறு, கால் எனக் கையால் தடவிப் பழக்க வேண்டும். அது அமைதியாக நிற்கும்போதுதான் கையை எடுக்க வேண்டும். துள்ளும்போது எடுக்கக் கூடாது. பிறகு குளம்பைத் தூக்கிச் சில விநாடி பிடித்து இறக்குவது. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ வேண்டியிருப்பதால் இந்தப் பயிற்சியை விட்டுவிட்டால் பின்னால் லாடக்காரர் பாடு திண்டாட்டம்.

தலைக்கயிற்றை மெதுவான பருத்திக் கயிற்றில் வீட்டிலேயே பின்னலாம். கழுத்துச் சுருக்கு கூடவே கூடாது. கயிற்றுக்கு அடங்கி நடக்கக் கற்ற பிறகே கட்டிப்போடப் பழக்க வேண்டும். கட்டும் உயரம் அதன் தோள் உயரத்துக்குக் குறையாமலும், கயிற்றின் நீளம் ஒரு கை அளவுமாக இருக்க வேண்டும். தாழக் கட்டினால் முன்னங்கால் சிக்கிக்கொள்ளும். ஒரே இழுப்பில் அவிழும் உருவு முடிச்சாகப் போடுவது அவசியம்.

ஒரு வயதுக்கு மேல் வெளியுலகம் காட்டும் காலம். இங்குதான் வீட்டார் அனைவருக்கும் வேலை இருக்கிறது. குடை விரிப்பது, சாக்கை உதறுவது, பிளாஸ்டிக் பையைக் கோலில் கட்டித் தொலைவில் ஆட்டுவது, தட்டைத் தட்டி ஓசை எழுப்புவது, தரையில் பழைய சேலையை விரித்து அதன்மேல் நடத்துவது எனப் பிள்ளைகள் தாங்களே புதுப்புது விளையாட்டுகளைக் கண்டுபிடிப்பார்கள். ஒவ்வொன்றையும் தொலைவில் தொடங்கிக் குட்டி தலை தாழ்த்தி வாயை மென்றபின் சிறிது நெருங்க வேண்டும். கோயில் மேளத்துக்கும் பேருந்து ஒலிக்கும் மிரளாத குதிரை இப்படித்தான் உருவாகிறது. பிடரி பின்னுவது, தேய்த்துக் குளிப்பாட்டுவது, நாள்தோறும் கற்றதை ஒரு நோட்டில் எழுதி வைப்பது ஆகியவற்றைப் பெண் குழந்தைகள், ஆண் குழந்தைகள் என்ற வேற்றுமை இன்றிப் பகிர்ந்து கொடுக்கலாம். வெல்லக்கட்டியைக் கையில் ஊட்டுவதை மட்டும் தவிர்ப்பது நல்லது. கையை மோந்து கடிக்கும் பழக்கம் அதிலிருந்துதான் வருகிறது. தொட்டியில் போடலாம்.

பிள்ளைகளுக்கு மூன்று கட்டளைகளில் தளர்வே கூடாது. பெரியவர் இல்லாமல் குட்டியிடம் போகக் கூடாது. அதன் அருகில் தரையில் உட்காரக் கூடாது. கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்ளக் கூடாது. கடைசியாகச் சொன்னதே மிக முக்கியம்: மிரண்ட குட்டி ஒரே இழுப்பில் விரலைத் துண்டிக்கவும், சிறுவனைத் தரையோடு இழுத்துச் செல்லவும் வல்லது. கயிற்றை மடித்து உள்ளங்கையில் பிடிக்கவே கற்றுத்தர வேண்டும்.

தீவனத்தில் கவனம்

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்கோ போலோ, கடல்வழியே ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் இறக்கிய குதிரைகள் பேணத் தெரியாமையால் மடிந்தன என்றும், அவற்றுக்குச் சோறும் இறைச்சியும் சமைத்துப் போட்டனர் என்றும் எழுதிவைத்துள்ளார். தீவனத் தவற்றால் குதிரையை இழப்பது இன்றும் நடக்கிறது.

குதிரை அசைபோடாது, வாந்தி எடுக்கவும் முடியாது, இரைப்பை சிறியது. ஒரே வேளையில் கொட்டாமல் பலமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். 240 கிலோ எடையுள்ள மட்டக்குதிரைக்கு நாளொன்றுக்கு உலர்நிலையில் 5 முதல் 6 கிலோ தீவனம் தேவை. அதில் பெரும்பகுதி புல்லாக இருக்க வேண்டும். கொள்ளை ஊறவைத்தோ வேகவைத்தோ அரைக் கிலோ வரை தரலாம். பூசணம் பிடித்த வைக்கோலும் மக்காச்சோளமும் உயிருக்கே ஆபத்து. கோழித் தீவனத்தில் சேர்க்கப்படும் மோனென்சின் என்ற மருந்து சிறிதளவே போனாலும் குதிரையின் இதயத்தைப் பாதித்துக் கொன்றுவிடும். எனவே கோழித் தீவன மூட்டை இருக்கும் அறைக்கு அதை விடக் கூடாது.

மாட்டுக்கு நல்லதெல்லாம் குதிரைக்கும் நல்லது என்ற எண்ணம் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லிலும் கொழுக்கட்டைப் புல்லிலும் தவறிப்போகிறது. இவற்றிலுள்ள ஆக்சலேட் உப்பை மாட்டின் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் சிதைத்துவிடும். குதிரையின் குடலில் அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். மாதக்கணக்கில் இவற்றையே, அதுவும் தவிட்டோடு சேர்த்துப் போட்டால் முக எலும்பு வீங்கி, கால் நொண்டும். அருகம்புல், கடலைக்கொடி, குதிரை மசால் ஆகியவற்றைக் கலந்து கொடுப்பதே பரிகாரம். பெயரிலேயே குதிரையைத் தாங்கிய பசுந்தீவனத்தை மாட்டுக்கு மட்டும் போட்டுவருகிறோம்!

வயிற்றுவலி வந்த குதிரை வயிற்றைத் திரும்பிப் பார்க்கும், காலால் தரையைப் பறிக்கும், புரளும். கைவைத்தியம் பார்த்துக்கொண்டு இரவைக் கழிக்காமல் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். குதிரைச் சாணத்தில் ரண ஜன்னிக் கிருமி இருக்கக்கூடும் என்பதால் குதிரைக்கு மட்டுமன்றி வீட்டாருக்கும் தடுப்பூசி அவசியம். சாணத்தை மக்கவைத்த பிறகே வயலுக்கு இட வேண்டும்.

யார் ஏறலாம்?

மூன்று வயது நிறைந்தபின் இலேசான சுமைக்குப் பழக்கலாம். அதற்குமுன் எடை அறிய வேண்டும். முன்னங்கால்களை ஒட்டி மார்பின் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்டத்து முனை வரை உடல் நீளத்தையும் சென்டிமீட்டரில் அளக்க வேண்டும். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ கணக்கில் எடை கிடைக்கும். சுற்றளவு 140, நீளம் 145 என்றால் எடை ஏறக்குறைய 239 கிலோ. பள்ளிப் பிள்ளைகள் மகிழ்ச்சியோடு போடும் கணக்கு இது.

சேணம் உட்பட முதுகின் சுமை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 239 கிலோ குதிரைக்கு அது 48 கிலோ. சேணம் 5 கிலோ போனால் 43 கிலோவுக்கு உட்பட்டவரே ஏறலாம். ஆக, 70 கிலோ எடையுள்ள தகப்பனார் பணம் கொடுத்து வாங்கிய குதிரையில் அவரே ஏற முடியாது. அவருடைய பத்து வயது மகள் ஏறலாம்! சந்தைக் களத்தில் மட்டக்குதிரை மீது பெரியவர்கள் ஏறி ஓட்டிக் காட்டுவது கண்ணுக்கு அழகாக இருந்தாலும் முதுகெலும்புக்குக் கேடு.

ஏறும் முன்பு பல வாரங்கள், பெரியவர் பின்னால் சற்று விலகிப் பக்கவாட்டில் நடந்துகொண்டே நீண்ட கடிவாள வாரால் திருப்பவும் நிறுத்தவும் பழக்க வேண்டும். பிறகு வெறும் சாக்கு, அதன்பின் சேணம், அதன்பின் வயிற்றின் குறுக்கே சாய்ந்து இறங்கும் பிள்ளை, கடைசியாகத்தான் உட்காருவது. தலைக்கவசமும் குதிகால் உள்ள காலணியும் அணிய வேண்டும். ரப்பர் செருப்பு வளையத்தில் மாட்டிக்கொள்ளும். முதல் ஒரு மாதம் நடை மட்டும், 15 நிமிடம், பெரியவர் கயிற்றைப் பிடித்தபடி.

தகப்பனார் மனம் வருந்த வேண்டியதில்லை. சுமக்க இயலாததையும் சக்கரத்தில் வைத்தால் குதிரை எளிதாக இழுக்கும். மூன்றரை வயதுக்கு மேல் முதலில் காலி வண்டியிலும், பிறகு சமதரையில் ஓர் ஆளை ஏற்றியும் பழக்கலாம். வண்டிச் சத்தம் பின்னாலிருந்து வருவதால், வண்டியைப் பூட்டுவதற்கு முன் சில நாட்கள் ஒருவர் அதை இழுத்துக்கொண்டு குட்டியின் முன்னாலும், பக்கத்திலும், பின்னாலும் நடந்து காட்ட வேண்டும்.