ஏலகிரிக்கு 19 பேரா கிளம்புறீங்களா? சித்திக்கும் லீவு இருக்கட்டும்!

மே மாசம் மத்தியானம் 2 மணிக்கு ஆம்பூர்ல மொட்டை மாடியில வெறுங்காலை வெச்சுப் பார்த்திருக்கீங்களா? வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் உள்ளவங்களுக்கு இதை விளக்கிச் சொல்லவே வேண்டாம். குழாயைத் திறந்தா டீ போடுற சூட்டுல தண்ணி வரும். ஆத்துப் பக்கம் போய் உட்காரலாம்னா, பாலாத்துப் பாலத்துக்குக் கீழே பெரும்பாலும் மணல்தான். அந்த நேரம் பார்த்து ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல யாராவது ஒருத்தர் கொளுத்திப் போடுவாங்க, "ஏலகிரி போலாமா?" ஒரு மணி நேரத்துல 19 பேர் ரெடி.

போன வருஷம் எங்க வீட்லயும் இதேதான் நடந்துச்சு. ரெண்டு நாள், ஏரிக்குப் பக்கத்துல ஒரு காட்டேஜ். திரும்பி வந்து போட்டோ எல்லாம் பார்க்கிறேன், சித்தி ஒண்ணுலகூட இல்லை. அவங்க ஷூ கம்பெனியில அப்பர் தைக்கிறவங்க. வாரத்துல ஆறு நாள் மெஷின் முன்னாடி. "ஏரி எப்படி இருந்துச்சு சித்தி?"ன்னு கேட்டேன். "வேன்ல வரும்போது பார்த்தேனே"ன்னாங்க. காட்டேஜுக்குப் போனதுல இருந்து அவங்க கிச்சன்லயேதான் இருந்திருக்காங்க. எங்க யாருக்கும் அது தோணவே இல்லை.

அதனால இந்த வருஷம் பிளானையே மாத்திப் போட்டோம். நீங்களும் கூட்டமா கிளம்புறீங்கன்னா இது உதவும்.

முதல்ல ஒரு உண்மையைச் சொல்லிடறேன். 'ஏழைகளின் ஊட்டி'ன்னு சொல்றதைக் கேட்டு ஸ்வெட்டர் மூட்டை கட்டாதீங்க. உயரம் கூடக் கூட, 1,000 மீட்டருக்குச் சுமார் 6 டிகிரி வெப்பம் குறையும். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல. ஏலகிரி 1,000 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஆம்பூரே 300 மீட்டர் உயரத்துல இருக்கறதால, வித்தியாசம் அஞ்சு டிகிரி வந்தாலே பெரிசு. பகல்ல வெயில் இருக்கும். ஆனா சாயந்திரம் ஏரிப் பக்கம் காத்து வீசும்போது, ராத்திரி ஃபேனை ஒண்ணுல வெச்சுட்டு தூங்கும்போது, அந்த அஞ்சு டிகிரியோட அருமை தெரியும்.

தங்குற இடம் பெரும்பாலும் அத்தனாவூர், புங்கனூர் ஏரியைச் சுத்தித்தான். புக் பண்றப்ப நீச்சல் குளம் இருக்கான்னு கேட்கறதுக்கு முன்னாடி டாய்லெட் எத்தனைன்னு கேளுங்க. 19 பேருக்கு ரெண்டு டாய்லெட்னா காலை 10 மணி வரைக்கும் யாரும் வெளியே கிளம்ப முடியாது (அனுபவம்!). ஆயாவுக்கு முட்டி வலின்னா கீழ் ரூம் வேணும்னு முன்னாடியே சொல்லிடுங்க. டென்ட் ஆசை இருந்தா, தங்குற இடத்துக் காம்பவுண்டுக்குள்ளயே போட்டுத் தர்றாங்களான்னு கேளுங்க. காட்டுப் பக்கம் நீங்களா போய் டென்ட் அடிக்கக் கூடாது. காப்புக்காட்டுக்குள்ள அனுமதியில்லாம நுழையறதே குற்றம்.

இப்போ கிச்சன். பெரிய குடும்பம் டூர் போனா, பசங்களுக்கும் ஆம்பளைங்களுக்கும் லீவு, பெண்களுக்கு அதே வேலை வேற ஊர்ல. அதுவும் தெரியாத அடுப்பு, மொக்கை கத்தி, மூடி இல்லாத பாத்திரம்னு இன்னும் கஷ்டம். மூணு வேளைக்கும் 19 பேருக்குச் சமைச்சா ஒரு நாள்ல 57 சாப்பாடு. டீ, பஜ்ஜி கணக்குல சேர்க்கலை. "அவங்களே ஆசைப்பட்டுத்தான் செய்றாங்க"ன்னு சொல்றவங்க, ஒரு தடவை அவங்ககிட்டயே கேட்டுப் பாருங்க.

நாங்க பண்ணது சிம்பிள். முதல் நாள் மத்தியானத்துக்கு ஆம்பூர்லயே கிலோ கணக்குல பிரியாணி சொல்லி, கிளம்புற நேரத்துக்கு தேக்சாவோட வாங்கி வேன்ல ஏத்திட்டோம், கூடவே கத்தரிக்காயும் தயிர் பச்சடியும். போய் இறங்கினதும் சாப்பிட்டாச்சு. ஒரு எச்சரிக்கை: மிச்சம் இருக்கற பிரியாணியை ராத்திரிக்குன்னு எடுத்து வைக்காதீங்க. கறி கலந்த சாப்பாடு வெயில்ல ரெண்டு மணி நேரம் வெளியே இருந்தாலே கெட ஆரம்பிச்சிடும், வாசனையில தெரியாது. காலை டிபனுக்கு மேலேயே கடைகள் இருக்கு. ராத்திரிச் சமையல் மட்டும் பெரியப்பா, அண்ணன்கள் பொறுப்பு. தக்காளி சாதம், முட்டை, அப்பளம். அந்த உயரத்துல தண்ணி சுமார் 97 டிகிரியிலயே கொதிச்சிடும், அதனால சாதம் வேக கொஞ்சம் லேட்டாகும். இதைச் சொல்லியும் கேட்காம பெரியப்பா அவசரப்பட்டு இறக்கி, அரைவேக்காட்டைத்தான் முதல்ல பரிமாறினார். யாரும் ஒண்ணும் சொல்லலை. சித்தி மட்டும் சிரிச்சாங்க.

ரோடு விஷயம் சுருக்கமா. பொன்னேரி அடிவாரத்துல இருந்து 14 கொண்டை ஊசி வளைவுகள். பாரதியார், கம்பர், ஔவையார்னு புலவர்கள் பேரும், பாரி, ஓரி, பேகன்னு வள்ளல்கள் பேரும் வெச்சிருக்காங்க. பசங்களை போர்டைப் படிக்கச் சொல்லுங்க, வாந்தி கொஞ்சம் மறக்கும். இறங்கும்போது டிரைவர் பிரேக்கையே மிதிச்சுட்டு வந்தா சூடாகிப் பிடிக்காமப் போயிடும். ஏறின கியர்லயே இறங்கச் சொல்லுங்க. ஏறி வர்ற வண்டிக்கு வழி விடணும்.

அடுத்தது ஏரி. புங்கனூர் ஏரி மனுஷங்க வெட்டினது. பெடல் போட், துடுப்பு போட் ரெண்டும் உண்டு. லைஃப் ஜாக்கெட்டைச் சும்மா தோள்ல மாட்டினா போதாது. கிளிப்பைப் போட்டு, தோள் பட்டையைப் பிடிச்சு மேல இழுங்க. காது வரைக்கும் ஏறினா அது லூஸ், பிள்ளை தண்ணில விழுந்தா ஜாக்கெட் தனியா மிதக்கும். போட்ல எழுந்து நின்னு செல்ஃபி வேண்டவே வேண்டாம்.

போட்டிங் இல்லாத வேற ஏரி, குட்டைப் பக்கம் போனா இறங்காதீங்க. "எனக்கு நீச்சல் தெரியும்"கிறவங்களும்தான். நாம நீச்சல் கத்துக்கறது கிணத்துலயோ குளத்துலயோ. ஏரியோட அடி சேறு, கால் வெச்சா புதையும். கொடி காலைச் சுத்தும். முழங்கால் அளவு தண்ணி அடுத்த அடியிலேயே தலைக்கு மேல போயிடும். கோடை லீவுல வர்ற செய்திகளைக் கவனிங்க, ஒருத்தரைக் காப்பாத்தப் போன இன்னொருத்தரும் சேர்ந்து போயிருப்பார். முங்குறவங்க பயத்துல கைக்குக் கிடைச்சவங்களைக் கட்டிப் பிடிச்சு அமுக்கிடுவாங்க. அதனால நீங்க குதிக்காதீங்க. கரையில படுத்துக்கிட்டு புடவையையோ துப்பட்டாவையோ வீசுங்க. மூடி போட்ட காலி தண்ணி கேன் இருந்தா தூக்கிப் போடுங்க, அதைப் பிடிச்சுக்கிட்டு மிதக்க முடியும். ஒருத்தர் உடனே 108-க்கு போன் பண்ணட்டும்.

சுவாமிமலை ட்ரெக்கிங் போறவங்க காலை 6 மணிக்கே ஏறிடுங்க, சிகரெட், தீப்பெட்டி கீழேயே இருக்கட்டும். 2018 மார்ச்ல குரங்கணி காட்டுத்தீ 20 பேருக்கு மேல உயிரைக் குடிச்சது காய்ஞ்ச புல்லுலதான். பிளாஸ்டிக் தட்டு, கப் எல்லாம் 2019-லயே தமிழ்நாட்டுல தடை. மந்தாரை இலை எடுத்துட்டுப் போங்க.

ரெண்டாவது நாள் சாயந்திரம் சித்தியைப் பெடல் போட்ல ஏத்தினோம். ஜாக்கெட் கிளிப்பை நானே போட்டேன். ஏரி நடுவுல போனதும் பெடலை நிறுத்திட்டாங்க. "கம்பெனியில நாள் பூரா கால்ல மெஷினைத்தான் மிதிக்கிறேன், இதையாவது நீ மிதி"ன்னு சொல்லிட்டு, சீட்ல சாஞ்சு கண்ணை மூடிக்கிட்டாங்க. அரை மணி நேரம் முடிஞ்சுடுச்சுன்னு கரையில இருந்து விசில் அடிச்சாங்க. நான் காதுல விழாத மாதிரியே இருந்தேன்.