வீட்டுக்குள் மறைந்த கணினி

வெளியுலக இணையம் அடியோடு அறுந்துபோனாலும், ஒரே ரௌட்டருடன் இணைந்த இரு கணினிகளுள் ஒன்றிலிருந்து மற்றதை இயக்குவதற்கு யாதொரு தடையும் இல்லை. அவ்வாறிருந்தும், பக்கத்து அறைக் கணினி சில சமயம் கண்ணுக்குத் தென்படாமற்போவது ஏன்?

ரௌட்டர் பெரும்பாலும் வழங்குவது எண் முகவரியே. பெயருக்குரிய எண்ணை அறிய, முற்றத்தில் நின்று பெயர் சொல்லி அழைப்பதைப் போல, ஒரு கணினி 224.0.0.251 என்னும் பொது முகவரிக்கு வினாவை அனுப்ப, அப்பெயருடையது விடை பகர்கிறது. மற்றது விருந்தினர் வைஃபையில் இருந்தால் அவ்வழைப்பு அதனை எட்டுவதில்லை. வலைப்பின்னலைப் ‘பொது’ எனக் குறித்திருந்தாலோ, விண்டோஸ் தன் இருப்பையே வெளிப்படுத்தாது. அந்நியர் நடுவே அது நியாயமான ஜாக்கிரதைதான், ஆனால் சொந்த வீட்டில் ‘தனிப்பட்டது’ என மாற்றிவிடலாம்.

பெயரை விடுத்து எண்ணையே இட்டுப் பார்ப்பது உத்தமமான பரீட்சை: இணைந்தால் தோஷம் பெயர்த் தேடலில், இணையாவிடில், கணினி உறங்குகிறதா, தொலை இயக்கத்துக்குரிய 3389 என்னும் போர்ட்டை ஃபயர்வால் அடைத்திருக்கிறதா, அவ்வியக்கத்துக்கு அனுமதி தரப்பட்டிருக்கிறதா என ஆராய வேண்டும். விண்டோஸ் ஹோம் பதிப்பில் அவ்வனுமதிக்கே இடமில்லை; புரோ பதிப்பு வேண்டும்.