நரம்புக் கட்டியும் தொழுநோய்ப் பழியும்

கொல்லிமலையிலுள்ள பெரக்கரை நாட்டில் சாமை விதைக்கும் குடியானவர் ஒருவருக்கு முழங்கையருகே நரம்பில் கட்டி ஒன்று தோன்றுகிறதென்றும், உடலில் சிறு முடிச்சுகள் எழும்புகின்றனவென்றும் வைத்துக்கொள்வோம். ஊரார் வாயில் முதலில் வரும் சொல் யாது? குஷ்டம் என்பதே! அச்சொல் பிறந்த மாத்திரத்தில் அவருக்குப் பந்தியுமில்லை, பந்துக்களுமில்லை. ஆனால் தடித்த நரம்பெல்லாம் தொழுநோயன்று என்பதைப் பொதுஜன ஊழியர் அனைவரும் திட்டமாக அறிய வேண்டும்.

இம்மலைக்கும் நரம்பு நோய் ஆராய்ச்சிக்கும் தொடர்பு உண்டு. 1914-ல் கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் குறைவதற்கு, உணர்ச்சியற்ற கையில் நேரும் காயங்களே பெரும் காரணம் என்று நிலைநாட்டினார். நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் ஷ்வான் உயிரணுக்களில் தொழுநோய்க் கிருமி குடிபுகுவதாலேயே உணர்ச்சி அழிகிறது. நரம்புறைக் கட்டிகளோ பெரும்பாலும் அதே உயிரணுக்கள் கட்டுக்கடங்காது பெருகுவதால் உண்டாகின்றன. இடம் ஒன்று, நோய் வேறு. முன்னது மருந்தால் தீரும். பின்னது எவருக்கும் தொற்றாது.

இக்கட்டிகளில் முக்கியமானவை மூன்று. ஷ்வான் கட்டி உறையுடன் நரம்பின் ஒரு புறமாக வளர்வது. தேர்ந்த கை, நரம்பைக் காத்து அதைப் பிரித்தெடுக்கலாம். நரம்புநார்க் கட்டியின் ஊடே நரம்பிழைகள் ஓடுகின்றன. ஆராயாமல் அறுத்தால் கையின் செயலும் போகும். மூன்றாவது புற்று வகை. 1882-ல் ரெக்ளிங்ஹவுசன் என்னும் ஜெர்மானியப் பேராசிரியர் விவரித்த நோயில் நார்க் கட்டிகள் பலவாகத் தோன்றும்; பால் கலந்த காப்பி நிறத்தில் ஆறுக்குக் குறையாத மறுக்களும் காணப்படும். சுமார் 3,000 பிறப்புகளுக்கு ஒன்று வீதம் நேரும் இந்நோய் மரபணுக் கோளாறே. நோயுற்றவரில் ஏறக்குறைய பாதிப் பேரின் பெற்றோருக்கு அது இருப்பதில்லை. ஆகவே குலத்தைப் பழிப்பதும் அறியாமையே.

இவற்றைப் பிரித்தறிவது எப்படி? தொழுநோய்த் தேமலில் உணர்ச்சி குன்றியிருக்கும்; நார்க் கட்டியின் மேல்தோலில் அது பெரும்பாலும் மாறாதிருக்கும். நரம்புக் கட்டி பக்கவாட்டில் அசையும், நரம்பின் நெடுக்கில் அசையாது. தட்டினால் விரல் நுனிவரை சுரீரென்னும். எனினும், தோலில் அடையாளமேயின்றி நரம்பை மட்டும் தாக்கும் தொழுநோயும் உண்டு. ஆதலால் ஐயமுள்ள இடத்தில் தீர்ப்புக் கூற வேண்டியது நுண்ணோக்கியே. ஷ்வான் கட்டியில் உயிரணுக்களின் உட்கருக்கள் நாற்று வரிசைபோல அணிவகுத்து நிற்பதை வெரோகே என்பவர் 1910-ல் எடுத்துக்காட்டினார். தொழுநோயாயின் கிருமியோ, அது விளைத்த அழற்சியோ தென்படும். விரைவாக வளரும் கட்டியையும், புதிதாக ஓயாது வலிக்கும் கட்டியையும் ஒருநாளும் தாமதிக்கலாகாது; புற்றாக இருக்கலாம்.

காரவள்ளியிலிருந்து மலையேறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-ல் திறக்கப்பட்டதாயினும், ஏழைக் குடியானவருக்கு மலையிறங்குவது ஒரு நாள் கூலியை இழப்பதாகும். அவ்விழப்பையும் வழிச்செலவையும் சர்க்கார் ஏற்பதே முறை. ஊழியர்களோ நோயாளியுடன் துணை செல்ல வேண்டும். நோயாளரை அடைத்து வைக்க இயற்றிய 1898-ஆம் வருஷத்துச் சட்டம் 2016-ல் ரத்தாயிற்று. சட்டப் புத்தகத்தை விட்டு நீங்கிய பழி நம் மனத்தை விட்டும் நீங்குக! சோதனை முடியுமுன் ஒருவரை ஒதுக்குவது அநீதி. முடிந்த பின்னும் ஒதுக்குவதற்கு நியாயம் ஏதுமில்லை.