கன்னத்துல வெள்ளைத் திட்டா? ட்யூபைக் கீழ வைங்க பாஸ்!

செமஸ்டர் லீவு முடிஞ்சு ஹாஸ்டல் வந்த அன்னிக்குக் கண்ணாடியைப் பார்த்தா, இடது கன்னத்துல எட்டணா சைஸுக்கு ஒரு வெளிறிய திட்டு. அரை மணி நேரத்துல எங்க ஃப்ளோர்ல எல்லாரும் டாக்டர் ஆயிட்டாங்க. 'வயித்துல பூச்சிடா, மாத்திரை போடு'ன்னான் ஒருத்தன். 'மீன் சாப்பிட்டுட்டு பால் குடிச்சியா?'ன்னான் இன்னொருத்தன். ரெண்டுக்கும் இந்தத் திட்டுக்கும் சம்பந்தமே இல்லைங்க. கடைசியில ஜெயிச்சது மெடிக்கல் ஷாப் அண்ணன் எடுத்துக் கொடுத்த ட்யூப்தான்.

முதல் வாரம் அரிப்பு போச்சு, முகம் பளிச். 'அண்ணன் கைராசிக்காரர்'னு நாலு பேர்கிட்ட சொல்லியும் வெச்சேன். மூணாவது வாரம் ஒரு திட்டு நாலாச்சு, கூடவே செக்கச்செவேல்னு பரு! பயந்து போய் அரசு மருத்துவமனை தோல் பிரிவுல க்யூவுல நின்னேன். டாக்டர் மேடம் என் முகத்தைப் பார்க்குறதுக்கு முன்னாடி ட்யூபைத்தான் திருப்பிப் பார்த்தாங்க. குளோபெட்டசால். ரொம்ப வீரியமான ஸ்டீராய்டு.

எனக்கு வந்தது தேமல். மலசீசியான்னு ஒரு பூஞ்சை. சிரிக்காதீங்க, உங்க தோல்லயும் இப்ப அது இருக்கு. வியர்வை, எண்ணெய்ப் பசை, புழுக்கம் கிடைச்சா பெருகி, தோலுக்கு நிறம் தர்ற மெலனின் தயாரிப்பைத் தடுக்கும். ஸ்டீராய்டு தோலோட எதிர்ப்பு சக்தியை அமுக்கிடும். அப்புறமென்ன, பூஞ்சைக்குக் கொண்டாட்டம்! அரிப்பு நின்னதைக் குணம்னு நினைச்சது என் முட்டாள்தனம்.

அதுக்காக உங்க திட்டையும் தேமல்னு முடிவு பண்ணிடாதீங்க. சின்னப் பசங்க கன்னத்துல லேசா செதிலோட வர்ற வெளிறல் பெரும்பாலும் தோல் வறட்சியோட சேர்ந்தது. மாய்ஸ்சரைசர் தடவினா போதும், மெதுவா தானா மறையும். உணர்ச்சி மரத்துப்போன திட்டுன்னா தொழுநோயான்னு பார்க்கணும். அதுக்கான கூட்டு மருந்து அரசு மருத்துவமனையில இலவசம், முழுசா குணமாகும்.

பால் மாதிரி வெள்ளையா, ஓரம் தெளிவா இருந்தா வெண்புள்ளியா இருக்கலாம். நம்ம எதிர்ப்பு சக்தியே நிறம் தர்ற செல்களை அழிக்கிறதால வர்றது. தொட்டா ஒட்டாது. மைக்கேல் ஜாக்சனுக்கு இருந்தது இதுதான். வேடிக்கை என்னன்னா, வெண்புள்ளிக்கு டாக்டர்களே அளவு பார்த்து ஸ்டீராய்டு க்ரீம் தருவாங்க. டாக்ரோலிமஸ் களிம்பு, புற ஊதா ஒளி சிகிச்சையும் உண்டு. எனக்கு வினையான மருந்து இன்னொருத்தருக்கு வைத்தியம்! எர்ரர் மெசேஜைப் படிக்காமலே கோடை மாத்தினா என்ன ஆகும்னு லேப்ல பார்த்திருப்பீங்களே?

இத்தனைக்கும் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகலை. இருட்டுல வுட்ஸ் லேம்ப் அடிச்சுப் பார்த்தாங்க. திட்டை லேசா சுரண்டி மைக்ராஸ்கோப்ல வெச்சாங்க. முடிஞ்சது.

ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு 2018-லயே மத்திய அரசு விதியை இறுக்கிடுச்சு. ஆனா எங்கிட்ட யாரும் சீட்டு கேட்கலை. ட்யூப்ல பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால்னு எழுதியிருந்தா, டாக்டர் சொல்லாம முகத்துக்குக் கொண்டு போகாதீங்க.

எனக்குக் கொடுத்தது கீட்டோகோனசோல் க்ரீம். பூஞ்சை சீக்கிரமே போயிடுச்சு. நிறம் திரும்பத்தான் மூணு மாசம் ஆச்சு. அதுக்குள்ள ப்ளேஸ்மென்ட் செல்லுக்கு போட்டோ எடுத்துட்டாங்க. அதுல மட்டும் நாலு திட்டும் அப்படியே இருக்கு.